பதில் சொல்லாத டிஸ்க்குகள்

அத்தியாயம் 6

"இதுல செத்தது எது?" என்று கேட்டான் வெடி.

அவனுக்கு எதிரே ஆளுயர இரும்பு அலமாரிகள் வரிசையாய் நின்றன. ஒவ்வொன்றுக்கும் சல்லடை போலத் துளையிட்ட கறுப்புக் கதவு. உள்ளே அடுக்கடுக்காய் டிஸ்க்குகள், ஒவ்வொரு டிஸ்க்கின் முகத்திலும் ஒரு பச்சை விளக்கு. அத்தனை பச்சைக்கு நடுவே இரண்டு மட்டும் செம்மஞ்சளாய் மின்னின. விசிறிகள் போட்ட இரைச்சலில், பக்கத்தில் நிற்பவரின் காதருகே வாயைக் கொண்டுபோய்த்தான் பேச வேண்டியிருந்தது.

"செத்த ரெண்டையும் எடுத்துட்டேன்," என்றாள் ஸ்டோரேஜ் மேடம். "அந்த இடத்துல புதுசு போட்டிருக்கேன். செம்மஞ்சளா மின்னுதே, அது. மூணாவதா ஒண்ணு விழுந்தா மொத்தமும் போச்சு."

ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஸ்கேன் படங்கள் அனைத்தையும் பத்திரமாகவும் வேகமாகவும் வைத்திருப்பது அவள் பொறுப்பு. அதனால் எல்லோரும் அவளை அப்படித்தான் அழைத்தார்கள். குள்ளமாக இருந்தாள், வெடியின் தோளுக்குக் கீழே. கண்ணுக்கடியில் தூங்காத கருமை.

வெடி என்பதும் பெற்றோர் வைத்த பெயரல்ல. வாயைத் திறந்தால் எதையாவது கொளுத்திப் போடுவான் என்று அவன் அண்ணன் வைத்த பட்டம். அண்ணன் ஆரம்பித்த துப்பறியும் நிறுவனத்தை இப்போது நடத்துவது, பக்கத்தில் நின்ற அண்ணி. அண்ணன் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வாசல் பலகையில் இன்னமும் அவர் பெயர்தான். மாற்றலாமா என்று இவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க மேடம். நான் கணக்குப் பரீட்சைக்கு வயித்துவலி வரவழைச்சவன்."

"ஆஸ்பத்திரிக்கு இவ்வளவும் சேர்ந்து ஒரே ஒரு பெரிய டிஸ்க்காத்தான் தெரியும். ஒரு ஸ்கேனை உள்ளே போட்டா, அது துண்டு துண்டா எல்லா டிஸ்க்குலயும் பரவி உக்காரும். திறக்கும்போது ஆளுக்குக் கொஞ்சமா ஒரே நேரத்துல குடுக்கிறதால வேகமா வரும். கூடவே கொஞ்சம் கணக்கும் எழுதி வச்சிருக்கும். ஒரு டிஸ்க் போயிட்டா, மிச்சம் இருக்கிறதெல்லாம் அந்தக் கணக்கை வச்சுப் போனதுகிட்ட என்ன இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சுப் புது டிஸ்க்குல எழுதிடும்."

"கூட்டுக் குடும்பம் மாதிரி. சித்தப்பா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா, மீதிப் பேரை உக்கார வச்சு விசாரிச்சா அவர் யார்கிட்ட என்ன சொல்லியிருந்தார்னு தெரிஞ்சிடும்."

"ஆமா. ரெண்டு பேர் வரைக்கும் போகலாம். மூணாவது ஆளும் போனா, மீதி யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது."

சிரிக்காமல்தான் சொன்னாள். அவள் பார்வை சுவர்த் திரையை விட்டு நகரவே இல்லை. புது டிஸ்க்குகள் நிரம்புவதைக் காட்டும் நீலக்கோடு அதில் எறும்பு போல ஊர்ந்தது. இன்னும் கால்வாசி பாக்கி.

"கொஞ்சம் விரட்டி ஓட்ட முடியாதா?"

"முடியும். அதை விரட்டினா டாக்டருங்களுக்குப் படம் திறக்க லேட்டாகும். அவங்களுக்கு வழி விட்டா இது இழுக்கும். ரெண்டையும் ஒரு கயித்துல கட்டி நடந்துட்டிருக்கேன்."

"நடந்தது போதும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நிர்வாகி. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டருக்கு உடன்பிறந்த தம்பி. இவர்களை வரவழைத்ததும், தன் கார்டைக் காட்டி இந்த அறையைத் திறந்துவிட்டதும் அவர்தான். அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"மேடம், நான் ஒளிச்சு மறைச்சுப் பேசறவன் இல்ல. கொஞ்ச நாளா தினமும் மதியம் தாண்டினா இந்த ஸ்டோரேஜ் நொண்டுது. அதுல ரெண்டு நாள் டிஸ்க்கே விழுந்துடுச்சு. ரெண்டு நாளும் அந்த நேரத்துல இந்தக் கதவைத் திறந்தது இவங்க கார்டு. யாருக்கோ விலை போயிட்டு வேணும்னே கெடுக்கிறாங்க. யாருக்குன்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க."

"கார்டை இன்னும் அவங்ககிட்டயே வச்சிருக்கீங்க," என்றாள் அண்ணி.

"பிடுங்கினா இதை யார் பார்க்கிறது? அந்தக் கோடு முழுசாகிற வரைக்கும்தான். அடுத்த நிமிஷம் போலீஸ்."

திருடி என்று சொல்லப்பட்டவளின் கையில்தான் திருட்டுப் போகப்போகும் வீட்டின் சாவி. வெடிக்கே இதற்கு மேல் கொளுத்திப் போட எதுவும் தோன்றவில்லை.

"நீ என்னம்மா சொல்ற?" அண்ணி அவளிடம் கேட்டாள்.

"எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல மேடம்."

"டிஸ்க் விழுந்தப்ப உள்ளே இருந்தியா?"

அவள் நீலக்கோட்டையே பார்த்தாள்.

"வேற கட்டிடத்துல இதுக்கு நகல் இருக்கணுமே?" என்று நிர்வாகியைக் கேட்டாள் அண்ணி.

அவர் தொண்டையைச் செருமினார். "நகல் எடுக்கும்போது படம் திறக்கத் தாமதமாகுது. அண்ணன் ஆபரேஷன் மேஜைப் பக்கத்துல நின்னுட்டு ஸ்கேனுக்குக் காத்திருக்க முடியுமா? கொஞ்ச மாசமா நிறுத்தி வச்சிருக்கோம்."

"வேண்டாம்னு சொன்னேன்," என்றாள் ஸ்டோரேஜ் மேடம், தரையைப் பார்த்து.

"அண்ணன் வேகமானவர் மேடம். வேலைன்னு வந்துட்டா கல்லு. அவர் சம்சாரம் தவறிப்போன மறுநாளே ஆபரேஷன் தியேட்டருக்கு வந்துட்டார், தெரியுமா? இந்த ஆஸ்பத்திரியிலதான் போனாங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அப்படிப்பட்ட மனுஷனை ஒரு படத்துக்காகக் காக்க வைக்கலாமா? டிஸ்க் சமாச்சாரம், கார்டு சமாச்சாரம் எதையும் அவர் காதுக்கே கொண்டு போகல நான்."

அண்ணி நடு அலமாரிக்குப் போய், கறுப்புக் கதவை வெளிச்சத்துக்குச் சாய்வாக நின்று பார்த்தாள். விரலால் தொடவில்லை. வெடியைக் கண்ணால் அழைத்தாள்.

துளைகளின் மேல் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை. உள்ளங்கை அகலம்கூட இல்லை.

"அங்க போய் நில்லு. நெத்தியைக் கதவுகிட்ட கொண்டு போ. ஒட்டாதே."

நின்றான். கறை அவன் நெற்றிக்கு நாலு விரல் மேலே இருந்தது. அவனைவிட உயரமான யாரோ நெற்றியைச் சாய்த்த இடம். ஒரு நாள் அல்ல, பல நாள். ஒரே இடத்தில்.

"ஸ்டோரேஜ் மேடம் ஸ்டூல் போட்டு ஏறினாத்தான் உண்டு," என்றான், அண்ணிக்கு மட்டும் கேட்கும்படி.

அண்ணி செம்மஞ்சள் விளக்குகளைக் காட்டினாள். இரண்டும் அந்தக் கறைக்குச் சற்றுக் கீழே, ஒரே தட்டில், பக்கம் பக்கமாய் இருந்தன. "நெத்தி அங்க. அப்போ வாய் எங்கடா?"

"நெத்திக்குக் கீழே. அதுக்கு எதுக்கு அண்ணி துப்பறியணும்?"

"போ வெளியே," என்றாள்.

முதலில் அவன் வெளியேறினான். கனத்த கதவு பின்னால் மூடிக்கொண்டது. காதுக்குள் திடீரென்று அமைதி. சிறிது நேரம் கழித்து மற்ற மூவரும் வந்தார்கள்.

"உள்ளே கதவுகிட்ட நின்னு உன்னைக் கூப்பிட்டேன். கேட்டுதா?" என்றாள் அண்ணி.

"இல்லையே."

"நல்லது," என்றாள். எது நல்லது என்று சொல்லவில்லை.

நிர்வாகி போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் நடந்தார். எதிர்ப்பக்கமிருந்து வந்தவருக்குத் தாழ்வாரமே வழி விட்டது. பச்சை உடுப்பு, நல்ல உயரம், தோளில் லேசான கூன். பெரிய டாக்டர். ஆபரேஷன் தியேட்டரில் போடும் துணித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தார்.

"என் தம்பி கூட்டிட்டு வந்த ஆளுங்க நீங்கதானா? படம் எப்போ சரியா வரும்? காலையில நெஞ்சைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னேன், திரையில ஒரு பாதி வந்துது, மறுபாதிக்குக் காத்திருந்தேன்." குரலில் கோபமில்லை, அலுப்புதான். "யார் மேல தப்புன்னு தெரியாது. ஆனா இந்தப் பொண்ணு தப்புப் பண்ண மாட்டா. இவளைத் தொந்தரவு பண்ணாதீங்க."

ஸ்டோரேஜ் மேடத்தின் பக்கமாய்க் குனிந்து தணிந்த குரலில் ஏதோ கேட்டார். அவள் தலையசைத்தாள். அவர் நடந்துவிட்டார். அவளும் தன் அறைக்குப் போனாள்.

"தொப்பியோடதான் தூங்குவார் போல," என்றான் வெடி. "தியேட்டர்ல போடுறதைத் தாழ்வாரத்துல எதுக்குப் போட்டுட்டுத் திரியறார்? முடி கொட்டிடுச்சோ என்னவோ."

"நீ தொப்பியை மட்டும்தான் பார்த்தியா?"

"வேற என்ன பார்க்கணும்?"

"வா, டீ குடிக்கலாம்."

கேன்டீனில் உட்கார வெடிக்குப் பொறுமையில்லை. காலுக்கடியில் அந்த நீலக்கோடு ஊர்ந்துகொண்டே இருப்பது போலிருந்தது. நின்றபடியே டீயை வாயில் ஊற்றி நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

"ஸ்டோரேஜ் மேடம் இங்க வருவாங்களா?" என்று அண்ணி சாதாரணமாகக் கேட்டாள்.

"தினம் மதியம் வருவாங்க," என்றார் கேன்டீன்காரர், டம்ளர்களைக் கழுவிக்கொண்டே. "அந்த மூலை மேஜை. டீ வாங்குவாங்க, குடிக்க மாட்டாங்க. ஆற வச்சு ஆற வச்சுப் பார்த்துட்டே இருப்பாங்க. டீக்கு வர்றாங்களா, தவத்துக்கு வர்றாங்களான்னு நானே கேட்டிருக்கேன்."

"டிஸ்க் விழுந்ததுன்னு ஒரே கலவரமாச்சே, அன்னைக்கு?"

"ரெண்டு தடவையும் இங்கதான் இருந்தாங்க. போன்ல டிங்குனு ஒரு சத்தம். பார்த்தாங்க, டம்ளரைத் தட்டிவிட்டுட்டு ஓடினாங்க. நான்தான் மேஜையைத் துடைச்சேன். ரெண்டாவது தடவை டம்ளரே உடைஞ்சுபோச்சு."

வெடி டீயை வைத்துவிட்டான். "அப்படின்னா கார்டு உள்ளே, கார்டுக்காரி வெளியே."

"ம்."

"இதைச் சொன்னாலே போதுமே, தப்பிச்சிருவாங்க. போலீஸ் வரப்போகுதுன்னு தெரிஞ்சும் வாயை மூடிட்டு நிக்கிறாங்க. அண்ணி, இது காதல் கேஸ். உயரமா ஒருத்தன். சர்வர் ரூம்ல சந்திப்பு. கூல் கூலா ஏ.சி."

"காதலிக்கிறவ வெளியே உக்காந்து டீயை ஆற வைக்க மாட்டா. உள்ளே இருப்பா." அண்ணி எழுந்துவிட்டாள். "யாருக்கோ தனியா இருக்க இடம் குடுத்திருக்கா. வா, நேரமாகுது."

ஸ்டோரேஜ் மேடத்தின் அறை தாழ்வாரக் கோடியில் இருந்தது. மேஜை, ஒரு சின்னத் திரை, சோதனைக்கென்று வைத்த குட்டிப் பெட்டி ஒன்று. அதற்குள் இரண்டு டிஸ்க்குகள் பச்சையாய் மின்னின.

"இதுதானே செத்துப்போனது?" என்றாள் அண்ணி.

"ஆமா." அவள் குரலில் முதல் தடவையாக ஒரு வேகம் வந்தது. "அதுதான் மேடம் எனக்குப் புரியல. இங்க கொண்டுவந்து ஓட்டினா நல்லா ஓடுது. ஒரு கீறல் இல்ல."

"அப்போ யார் செத்ததுன்னு சொன்னது?"

"ஸ்டோரேஜே சொல்லும். ஒரு டிஸ்க்கைக் கூப்பிட்டா அது பதில் சொல்லணும். சொல்லலன்னா மறுபடி கூப்பிடும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும். அப்பவும் பேசலன்னா செத்ததா எடுத்துக்கிட்டு ஒதுக்கி வச்சிடும். இல்லன்னா அந்த ஒண்ணுக்காக மொத்தக் குடும்பமும் வேலையைப் போட்டுட்டுக் காத்து நிக்கணுமே."

"உயிரோட இருந்தும் பதில் சொல்லாம இருக்கும். அது எப்போ?"

"உள்ளே தட்டு சுத்திட்டே இருக்கும். மேல ஒரு ஊசி, மயிரிழைகூட இல்லாத இடைவெளியில படிச்சிட்டே போகும். ஆட்டம் கண்டா தடம் தப்பிடும். திரும்பத் தேடிப் பிடிச்சுத்தான் பேச முடியும். ஆனா அந்த ரூமுக்குள்ள ஆட்டம் எங்கேருந்து வரும்? தரையெல்லாம் ரப்பர் போட்டு..."

"அந்தத் திரையில இந்தப் பெட்டியோட வேகத்தைக் காட்டு. டேய், இங்க வா. பெட்டிக்கு முன்னால குனி. இன்னும் கிட்ட. இப்போ கத்து."

"என்னது?"

"கத்துடா. மனசுல இருக்கிறதையெல்லாம் வெளியே விடு."

வெடி ஒரு தடவை இருவரையும் பார்த்தான். மூச்சை இழுத்தான்.

"அண்ணீ! ஞாயித்துக்கிழமையாவது லீவு குடுங்கண்ணீ!"

திரையில் தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்த கோடு, பாம்பு படமெடுத்த மாதிரி நிமிர்ந்தது. அவன் வாயை மூடியதும் விழுந்தது.

"இன்னொரு தடவை. இந்தத் தடவை பெட்டி மேல கையால குத்து. விடாம."

கத்திக்கொண்டே குத்தினான். கோடு திரையின் கூரையில் முட்டிக்கொண்டு நின்றது, இறங்கவே இல்லை. ஒரு டிஸ்க்கின் பச்சை விளக்கு தடுமாறிச் சிவப்பானது.

"லீவு கேட்டாலே உசிரை விடுதே," என்றான் வெடி. "உங்களுக்குச் சொந்தமா அண்ணி?"

யாரும் சிரிக்கவில்லை. ஸ்டோரேஜ் மேடம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காந்துட்டு வந்துடுவார்னுதான் நினைச்சேன்," என்றாள். "அமைதியா உக்காந்திருப்பார்னு. நான் கூட நிக்கிறதில்ல. கார்டைக் குடுத்துட்டுப் போயிடுவேன். அந்த அரை மணி நேரத்தை எப்படி மேடம் அவர்கிட்டேருந்து பிடுங்கறது?"

"யாரும்மா?" என்றான் வெடி.

அண்ணி அவள் கழுத்தைக் காட்டினாள். நாடாவில் கார்டு போடும் பிளாஸ்டிக் உறை தொங்கியது. உள்ளே ஒன்றுமில்லை.

"இன்னைக்கும் குடுத்துட்டியா?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அதற்குள் மூவரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

தாழ்வாரம் இவ்வளவு நீளமா என்று இருந்தது வெடிக்கு. எதிரே ஒரு தள்ளுவண்டி வந்தது. சுவரோடு ஒட்டி, ஒரு நர்சிடம் திட்டு வாங்கி, திருப்பத்தில் வழுக்கி, சர்வர் ரூம் கதவில் போய் நின்றான். பூட்டியிருந்தது. கதவில் முகமளவுக்கு ஒரு கண்ணாடி.

உள்ளே நடு அலமாரிக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. இரண்டு கைகளும் கதவின் மேல், நெற்றி அந்தக் கறையின் மேல். அவர் தலைக்கு மேலே சுவர்த் திரையில் நீலக்கோடு முடிவை நெருங்கியிருந்தது. நெருங்கியிருந்ததே தவிர முடியவில்லை. அவருடைய முதுகு மெல்ல உப்பியது. ஒரு பெரிய மூச்சு உள்ளே போகிறது. வலது கை முஷ்டியாகி உயர்ந்தது.

வெடி கதவைத் தட்டக் கையை ஓங்கினான். அண்ணி மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தட்டாதே! அதுவும் அதிர்வுதான்."

"அப்புறம் எப்படிக் கூப்பிடுறது?"

கதவோரமாய்ச் சுவரில் அந்த அறை விளக்கின் பொத்தான். வெடி யோசிக்கவே இல்லை. அணைத்தான். போட்டான். அணைத்தான். போட்டான்.

உள்ளே அந்த முஷ்டி அந்தரத்தில் நின்றது. அவர் திரும்பினார்.

பெரிய டாக்டர். தொப்பி இடது கையில் கசங்கியிருந்தது. நெற்றி முழுக்கச் சல்லடையின் துளைகள் பதிந்து, சிவப்புப் புள்ளிகள், வரிசை வரிசையாக. புதிதும் பழையதுமாக. அதற்குத்தான் தொப்பி.

அண்ணி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உதட்டில் விரலை வைத்தாள். குழந்தைக்குச் சொல்வது போல. அவர் உப்பிய மூச்சைச் சத்தமில்லாமல் விட்டார். நடந்து வந்து கதவைத் திறந்தார்.

விஷயத்தைச் சொல்ல அதிக நேரம் பிடிக்கவில்லை. ஸ்டோரேஜ் மேடம்தான் சொன்னாள், தலை குனிந்து, ஒரு நோயைச் சொல்வது போல. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நானா? காலையில படம் வரலன்னு புலம்பினேனே. அதுக்குக் காரணம் நானா?"

ஸ்டோரேஜ் மேடம் குனிந்த தலையை ஆமென்று அசைத்தாள்.

"கடைசி நாள் என் மனைவி நெஞ்சை ஸ்கேன் எடுத்தோம். அடிச்சுக்கிறது தெரியும். அசையற படம். அது எங்க இருக்குன்னு இவகிட்ட கேட்டேன், எந்த டிஸ்க்குலன்னு. ஒரு டிஸ்க்குல இல்ல டாக்டர், எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்காங்கன்னா." மூக்கை உறிஞ்சினார். "வீட்டுல தம்பி குடும்பம், இங்க நூறு பேர். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துத்தான் தைரியமா இருக்காங்க. இந்த ரூம்ல மட்டும்தான் சத்தம் வெளியே போகாது."

"மூணாவது விழுந்திருந்தா அந்தப் படமும் போயிருக்கும்," என்றாள் அண்ணி. கடுமையாக அல்ல. தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லும் குரலில்.

அவர் தொப்பியை முகத்தில் பொத்திக்கொண்டார்.

நிர்வாகியின் காலணிச் சத்தம் தாழ்வாரத்தில் கேட்டது. அண்ணி டாக்டரிடமிருந்த கார்டை வாங்கி ஸ்டோரேஜ் மேடத்தின் கையில் திணித்தாள். வெடியைப் பார்த்தாள். "பின்பக்கம் ஜெனரேட்டர் கொட்டகை இருக்குல்ல? சாருக்குக் காத்து வேணுமாம். கூட்டிட்டுப் போ."

போகும்போதே பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. "கேஸ் முடிஞ்சுது சார். உங்க டிஸ்க்கைக் கெடுத்தது அதிர்வு. அதுக்குக் கைவிலங்கு மாட்ட முடியாது. இந்தப் பொண்ணு ரெண்டு நாளும் கேன்டீன்ல இருந்தா, டம்ளர் உடைஞ்சதுக்கு சாட்சி இருக்கு. போலீஸ் வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

"கார்டு? அவங்க கார்டை யாருக்குக் குடுத்தாங்க?"

"அதை நான் அறிக்கையில எழுதணும்னா, நகல் எடுக்கிறதை நிறுத்தச் சொன்னது யாருன்னும் எழுதணும். ரெண்டையும் எழுதட்டுமா?"

திருப்பத்தில் வெடி ஒரு நொடி திரும்பிப் பார்த்தான். நிர்வாகி இவர்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தொப்பி போடாத அண்ணனின் தலையை. போன் வைத்திருந்த கை கீழே தொங்கியது.

"நகலை," என்றார் மெதுவாக, ஸ்டோரேஜ் மேடத்திடம். "இன்னைக்கே எடுக்க ஆரம்பிங்க. படம் லேட்டானா ஆகட்டும்."

கொட்டகையில் ஜெனரேட்டர் பேய் மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் உள்ளே போனார். வெடி தகரக் கதவைச் சாத்திவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி நின்றான். சொல்ல ஒரு ஜோக் இருந்தது. டீசலுக்கு நெத்தி முட்டினா ஒண்ணும் ஆகாது டாக்டர் என்று. சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் தகரம் அதிர்ந்தது ஜெனரேட்டராலா, வேறெதனாலா என்று தெரியவில்லை. அவ்வழியாக வந்த ஒரு வார்டு பாயைக் கையைக் காட்டி வேறு பக்கம் அனுப்பினான்.

போனில் அண்ணி. "ரெண்டும் பச்சையாயிடுச்சு. மெதுவா வா, அவசரமில்ல."

வெயில் தாழ்ந்த பிறகுதான் இருவரும் கிளம்பினார்கள். அண்ணனின் பழைய ஸ்கூட்டர். அண்ணி பின்னால் உட்கார்ந்து ஹெல்மெட் வாரைப் பூட்டினாள்.

"கறையைப் பார்த்தீங்க, சரி. தட்டைப் பார்த்தீங்க, சரி," என்றான் வெடி, வண்டியை உதைத்துக்கொண்டே. "நீங்க உள்ளேருந்து கூப்பிட்டது கேட்டுதான்னு கதவுகிட்டயே கேட்டீங்களே. ஒரு மனுஷன் அழறதுக்கு இரைச்சலான இடமாத் தேடுவான்னு அப்பவே எப்படித் தெரிஞ்சுது?"

"வண்டியை எடுடா. சிக்னல் விழப்போகுது."

எடுத்தான். சிக்னலில் நின்றான். முன்னால் ஒரு கடை, வாசலில் மோட்டார் பழுது பார்க்கும் ஆள் ஒருவன் எதையோ பிரித்துப் போட்டிருந்தான். வெடியின் மனம் எங்கேயோ போய் எதிலோ இடித்தது.

அண்ணன் போன அந்த மாசம். வீட்டில் மிக்ஸி நேரங்கெட்ட நேரத்தில் ஓடும். கதவைச் சாத்திக்கொண்டு சமையலறையில் ஓடும். தட்டில் மட்டும் எப்போதும் வெறும் சோறும் மோரும். ஒருநாள் மிக்ஸி புகைந்து நின்றுபோனது. இவன்தான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். கடைக்காரன் மூடியைக் கழற்றிப் பார்த்து, உள்ளே ஒன்றும் போடாமலே ஓட்டி மோட்டாரைக் கருக்கியிருக்கிறீர்கள் என்றான். வீட்டுக்கு வந்து இவன் சிரித்துக்கொண்டே கேட்டான். 'அண்ணி, காத்தை அரைச்சீங்களா? உப்புப் போட்டீங்களா?' அவளும் சிரித்தாள்.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். வெடிக்கு அப்போதுதான் வண்டி நினைவு வந்தது.

வலப்பக்கம் திரும்பினால் வீடு. அவன் இடப்பக்கம் திரும்பினான்.

"இது எந்த வழிடா?"

"லாரி போற ரோடு அண்ணி. சுத்து வழிதான். இந்த நேரத்துக்கு ஒரே இரைச்சலா இருக்கும். எனக்குப் பின்னால யார் என்ன பண்ணாலும் என் காதுல விழாது."

முதல் லாரி அவர்களைக் கடந்து உறுமிக்கொண்டு போனது. இரண்டாவது வந்தது. அது கடக்கும்போது அவன் முதுகின் நடுவே ஒரு கனம் வந்து சாய்ந்தது. ஹெல்மெட்டின் நெற்றி. அங்கேயே நின்றது. பிறகு அது குலுங்க ஆரம்பித்தது.

முன்னால் சாலை காலியாகத்தான் இருந்தது. வெடி கட்டை விரலால் ஹாரனை அழுத்தினான். எடுக்காமல் அழுத்திக்கொண்டே ஓட்டினான்.